ஏழாவது நிமிடத்து மேடு

பேகம்பூரில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. அரிசி மூட்டை, ஓடாத மின்விசிறி, கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் அண்டா எல்லாம் அதில்தான் கிடந்தன. அவற்றை ஒரு மூலையில் ஒதுக்கித் தள்ளிவிட்டு என் கருவியை அங்கே வைத்தேன். அதற்கு இருட்டு வேண்டும். எனக்கும் யாரும் எட்டிப் பார்க்காத இடம் வேண்டும்.

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். நிலக்கடலையில் பச்சைப் பூஞ்சணம் பிடித்தால் ஒரு நஞ்சு உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஆனால் புறஊதா விளக்கைக் காட்டினால் அது நீலமாக ஒளிரும். அதைக் கண்டுபிடிக்கும் கருவியை வாங்கித் தாருங்கள் என்று முதல்வரிடம் கேட்டேன். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்குக் கல்லூரிக்கு ஒரு பஸ் வாங்கிடலாம்மா" என்றார். எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. "அப்ப நானே செஞ்சு காட்டுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

என் கணவர் இரண்டு தெரு தள்ளி டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கிலிருந்து ஊதா பல்பு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தவர் அவர்தான். ஒளியை உணரும் சின்னக் கண் ஒன்றைப் பலகையில் பற்றவைத்துக் கொடுத்ததும் அவர்தான். பூட்டுக்குத் துளை போடும் லேத் பட்டறையில் ஓர் அலுமினியக் கட்டியைத் துளைத்து வாங்கினோம். வெளிச்சம் கசிந்த இடத்தையெல்லாம் தோல் கிடங்கில் கிடந்த கறுப்புத் துண்டுகளை வைத்து அடைத்தோம். எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் சண்டை.

அது வேலை செய்யும் விதம் எளிது. கடலையை அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, பொடி அடைத்த மெல்லிய குழாய்க்குள் செலுத்துவேன். ஒவ்வொரு பொருளும் அதனதன் நேரத்தில் குழாயை விட்டு வெளியே வரும். வாசலில் ஊதா விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒளிரக்கூடிய ஏதாவது கடந்தால் பக்கத்திலிருக்கும் கண் அதைப் பார்த்துவிடும், மடிக்கணினித் திரையில் ஓடும் கோடு மேடாக எழும்பும். எங்கள் குழாயில் அந்த நஞ்சு ஏழாவது நிமிடத்தில் வரும். அங்கே மேடு எழுந்தால் நஞ்சு இருக்கிறது. கோடு படுத்தே கிடந்தால் இல்லை.

நல்ல கடலை, கெட்ட கடலை இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கருவி சரியாகச் சொன்னது. அன்று தலைகால் புரியவில்லை எனக்கு.

பிறகு கல்லூரியில் வடிகட்டும் வடிதாள் தீர்ந்துபோனது. அடுத்த ஆர்டர் மார்ச்சுக்குப் பிறகுதான் என்றார்கள். காத்திருக்கிற ஆளா நான்? எங்கள் வீட்டில் புளித்தண்ணீரோ தேங்காய்ப்பாலோ எதுவானாலும் பழைய வேட்டித்துணியில்தான் வடிகட்டுவோம். கணவர் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கட்டிக் கிழிந்துபோன வெள்ளை வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்தேன். சோப்புப் பவுடரில் ஊறவைத்து, கசக்கி, மூன்று தண்ணீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். பாலாக வெளுத்திருந்தது. சுத்தத்தில் என்னை யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது என்று அப்போது நினைத்தேன்.

அந்த வாரம்தான் அந்தப் பெண் வந்தார். செம்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் கடலை போடுகிறவர். எங்கள் கேண்டீனுக்குக் கடலை உருண்டை கொண்டுவருவார், அப்படித்தான் பழக்கம். நிதானமான பேச்சு. பேசும்போது நேராகக் கண்ணைப் பார்ப்பார்.

"டீச்சர், உங்க மிசினு கடலையில விஷம் இருந்தாச் சொல்லுமாம்ல?"

"சொல்லும். எதுக்குக் கேக்குறீங்க?"

மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். "கடலை புடுங்குறப்ப மழை புடிச்சுக்கிருச்சு. எங்க வீட்டுக்காரரு இன்னும் ரெண்டு நாள் காயட்டும்னாரு. மறுபடி மழை வந்துருமோன்னு பயந்து நாந்தான் மூட்டை கட்டிட்டேன். இப்பப் பிரிச்சா நாலஞ்சு பருப்பு பச்சையாக் கெடக்கு. பொறுக்கி எறிஞ்சுட்டேன். ஆனாலும் மனசு கேக்கல."

"எம்புட்டு இருக்கு?"

"ஒம்போது மூட்டை. அம்புட்டுலயும் ஒரு கை அள்ளிக் கலந்து கொண்டாந்திருக்கேன். திங்கக்கெழமை பால்வாடிக்கு உருண்டை போகணும் டீச்சர். பச்சப் புள்ளைக திங்குறது. பெரிய லேபுல கேட்டா பத்து நாளாகும்ங்கிறாக. நீங்க இல்லைன்னு சொன்னா அனுப்புறேன். இருக்குன்னு சொன்னா ஒம்போதையும் புதைச்சுர்றேன்."

என் கருவி இன்னும் பழகவில்லை, அதை நம்பி இப்படியொரு முடிவு எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். என்னை நம்பி ஒருத்தர் வந்துவிட்டார் என்ற பெருமைதான் காரணம்.

மறுநாள் வியாழன், மாலையில் கல்லூரியிலிருந்து வந்ததும் வேலையைத் தொடங்கினேன். அரைத்து, ஊறவைத்து, துணியில் வடிகட்டி, குழாய்க்குள் ஏற்றிவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தேன். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். கோடு படுத்திருந்தது. ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன். ஆறரை நிமிடத்தில் கோடு லேசாக நடுங்கியது. பிறகு எழும்பியது. எழும்பி, எழும்பி, திரையின் உச்சியைத் தொட்டது.

மறுபடி கடலையை அரைத்து ஏற்றினேன், அதே மேடு. மூன்றாம் முறையும் அச்சு மாறாமல் அதே உயரம். ஒரு மூட்டையில் ஒரு பருப்பு கெட்டிருக்கும், பக்கத்துப் பருப்பு நன்றாக இருக்கும். மூன்று கை அள்ளினால் மூன்று விதமாகத்தான் வர வேண்டும். இதை வகுப்பில் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை. என் கருவி எவ்வளவு துல்லியம் என்று வியந்துகொண்டிருந்தேன்.

உடனே போன் போட்டேன்.

"அனுப்பாதீங்கம்மா. நெறைய இருக்கு."

"அம்புட்டு மூட்டையிலயுமா டீச்சர்?"

"எல்லாத்தையும் கலந்துதான கொண்டாந்தீங்க?"

"ஆமா."

"வீட்டுலயும் யாரும் திங்காதீங்க. ஆடு மாட்டுக்கும் போட்றாதீங்க."

"சரி டீச்சர்." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். "நல்லவேள சொன்னீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று மாலை நான் சந்தோஷமாக இருந்தேன். எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று கணவரிடம் மூன்று தடவை சொன்னேன். அவர் மூன்று தடவையும் "சரிங்க டீச்சரம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை கல்லூரி விடுமுறை. காலையில் வீட்டுச் சமையலுக்கு வாங்கிய கடலை கண்ணில் பட்டது. இதையும்தான் பார்ப்போமே என்று அரைத்துப் போட்டேன். ஏழாவது நிமிடத்தில் மேடு, உச்சியைத் தொட்டது.

ஊரில் எல்லாக் கடலையுமா கெட்டுப்போயிருக்கும்? பூஞ்சணமே இல்லாத புது அரிசியை அரைத்து, அதேபோல் வடிகட்டி ஏற்றினேன். அதிலும் அதே மேடு வந்தது. வெறும் மெத்தனாலைப் பாட்டிலிலிருந்து நேராக எடுத்து ஏற்றினேன். கோடு அசையவே இல்லை.

பதினொன்றரை மணிக்கு என் கணவர் கடையைச் சாத்திவிட்டுக் குளிக்க வந்தார். பாவம், வந்ததும் வராததுமாக அவர்மேல் பாய்ந்தேன். "உங்க பத்தவைப்பு லட்சணத்தப் பாருங்க! அரிசியில விஷம்ங்குது!"

அவர் குளித்து, ஜும்மாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த இருட்டறைக்குள் வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து அலுமினியக் கட்டியைக் கழற்றினார். ஊதா விளக்கு எரிந்தபடியே இருந்தது. நான் பின்னால் நின்று திட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஏய், செத்த நேரம் வாய மூடு. இங்க பாரு."

"என்னத்தப் பாக்க?"

"என் வேட்டியப் பாரு."

அவர் மடி முழுவதும் நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே சோப்புப் பவுடரில் ஒளிரும் மருந்து ஒன்றைக் கலக்கிறார்கள். அதுவும் என் பாடத்தில் இருக்கிறது. புனலில் கிடந்த வடிதுணியை எடுத்து விளக்கின்கீழ் பிடித்தேன். அதே நீலம். அந்தத் துணியை மட்டும் மெத்தனாலில் நனைத்துப் பிழிந்து குழாயில் ஏற்றினேன். கடலையும் கிடையாது, அரிசியும் கிடையாது. ஏழாவது நிமிடத்தில் மேடு எழும்பி உச்சியைத் தொட்டது. என் குழாய் குட்டை. சோப்பு மருந்தையும் நஞ்சையும் பிரித்துக்காட்ட அதற்கு நீளம் போதவில்லை. பாட்டில் மெத்தனால் சுத்தம், அதை எதற்கு வடிகட்ட வேண்டும் என்று நான் ஒருநாளும் அதைத் துணியில் ஊற்றிப் பார்த்ததில்லை. துணியைத் துவைக்கத் துவைக்க மருந்தும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பத்துத் தடவை அடித்திருப்பேன்.

"வா, வண்டிய எடுக்குறேன்" என்றார் கணவர்.

"ஜும்மா?"

"திரும்பி வந்து வீட்டுல லுஹர் தொழுதுக்கலாம். நீ வா."

அவர் ஜும்மாவை விட்டு நான் பார்த்ததில்லை. பள்ளிவாசலை நோக்கி எல்லோரும் போய்க்கொண்டிருக்க, நாங்கள் எதிர்ப்பக்கம் செம்பட்டி ரோட்டில் போனோம். வழியெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தேன். யா அல்லாஹ், இன்னும் புதைத்திருக்கக் கூடாது, சாயங்காலம்தான் புதைப்பார்கள், தோட்டத்து வேலையே ஏகப்பட்டது இருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததுமே டீசல் வாடை அடித்தது. எருக்குழி மண்ணால் மூடிக் கிடந்தது. ஓரத்தில் காலிச் சாக்குகள் மடித்து அடுக்கியிருந்தன. அந்தப் பெண் பம்புசெட் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயோ டீச்சர், நீங்க எதுக்கு இம்புட்டு தூரம்? போனு வீட்டுல கெடக்கு. காலையிலயே முடிச்சுட்டோம். ஆடு கீடு வாய் வெச்சுறக் கூடாதுன்னு டீசலும் ஊத்திட்டோம்."

அவருடைய கணவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துப் பேசினாலும் பேச்சு மனைவிக்குத்தான். "ரெண்டு நாள் பொறுடின்னேன். கேட்டாளா? ஈரத்தோட கட்டுனா விஷம் ஏறாம என்ன செய்யும்? ஒரு வெள்ளாமைய மண்ணாக்கிட்டா."

அந்தப் பெண் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "முடிவு கொஞ்சம் சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் வந்தது.

"இனிமே பாத்து என்ன ஆகப்போகுது டீச்சர்?" என்றார் அவர் கணவர்.

திரும்பி வரும்போது என் கணவர் கேட்டார். "ஏன் வேட்டியப் பத்திச் சொல்லல?"

"கடலை நல்லதா கெட்டதான்னு தெரியாம என்னன்னு சொல்றது?"

அது உண்மைதான். ஆனால் நான் சொல்லாததற்குக் காரணம் அது இல்லை. பயந்துவிட்டேன். அந்த மண்வெட்டி ஆளின் முன்னால் தப்பு என்னுடையது என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

மறுநாளே வேறொரு கல்லூரியிலிருந்து வடிதாள் வாங்கி வந்தேன். பாட்டிலில் மீதியிருந்த அந்தப் பெண்ணின் கடலைத்தூளை அதில் வடிகட்டி ஐந்து முறை ஓட்டினேன். ஏழாவது நிமிடம் வந்தது, போனது. கோடு படுத்தே கிடந்தது. என் கருவிமேல் எனக்கே நம்பிக்கை இல்லாமல் மிச்சத் தூளைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. நஞ்சு இல்லை என்று எழுதியிருந்தது.

கடிதத்தை நான்காக மடித்துப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன். சொன்னால் மட்டும் மூட்டை திரும்பி வந்துவிடவா போகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அந்தப் பெண் கேண்டீனுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. என்ன மனுஷி நான்! என் கணவர் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார். அவர் கேட்காமல் இருந்தது இன்னும் உறுத்தியது.

அடுத்த வருடம் கடலை எடுத்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் அதே மஞ்சள் பை.

"பாத்துச் சொல்றீங்களா டீச்சர்?"

"இன்னுமா என்னைய நம்புறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. கமிசன் கடையில எடை போடுறப்ப மொதல்ல வெறுந்தட்டப் பாத்துட்டுத்தான் சரக்க வெக்க விடுவோம். அது மாதிரி இதுலயும் வெறுந்தட்டு காட்டிட்டுப் போடுங்க."

எம்.எஸ்சி. படித்தவள் செய்யாததை அவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். எனக்கு முகம் சுட்டது. புது வடிதாளில் வெறும் மெத்தனாலை ஊற்றி வடிகட்டி ஏற்றினேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிடமும் திரையைப் பார்த்தார். கோடு அசையவில்லை. "சரி, இப்பப் போடுங்க" என்றார். அவருடைய கடலையை ஏற்றியபோது திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு, ஆறரை, ஏழு. ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் ஒன்றுமில்லை.

"இல்லம்மா. சுத்தமா இல்ல. ஆனா என் மிசின மட்டும் நம்பி எதையும் அனுப்பாதீங்க, பெரிய லேபுக்கும் குடுங்க."

"குடுத்துட்டேன் டீச்சர், அது வரட்டும்." பெருமூச்சு விட்டார். "இந்தத் தடவ நாலு நாள் கூடக் காய வெச்சேன். போன தடவ மாதிரி அவசரப்படல. ஒரு வருசமா எங்க வீட்டுல இதே பேச்சுத்தான். சோத்துல உப்புக் கொறஞ்சாலும் ஒம்போது மூட்டையில வந்து நிக்கும். மாமியா, கொழுந்தன், எல்லாரும். பால்வாடியில வேற ஆளுக்குக் குடுத்துட்டாக. என் மக கூட அன்னிக்குச் சொல்றா, அம்மா அவசரக்காரின்னு." மஞ்சள் பையை மடித்துக்கொண்டார். "சரிதான். எந் தப்புதானே."

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து சேலைக்கடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவந்து கொடுத்தேன். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார்.

"இது போன வருசத்துத் தேதில்ல?"

"ஆமா."

"என் கடலையா?"

"உங்க கடலைதான்."

வேட்டித்துணியைப் பற்றிச் சொன்னேன். சோப்புப் பவுடரைச் சொன்னேன். தோட்டத்தில் வந்து நின்றபோதே துணி விஷயம் தெரியும் என்பதைச் சொன்னேன். அழுகை வந்தது, அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூட்டை போனது போயிருச்சு" என்றார். "இந்தக் காயிதத்த அப்பயே குடுத்திருக்கலாம்ல டீச்சர்."

அவர் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினார்.

"எங்கிட்டச் சொன்னத அவருகிட்டச் சொல்லுங்க. வீட்டுலதான் இருக்காக, எல்லாருக்கும் கேக்கும்."

மணி இரண்டு தடவை அடித்தது. அந்தப் பக்கம் அவர் கணவரின் குரல் கேட்டது. "என்னா, இந்தத் தடவையும் விஷம்னுட்டாகளா?" பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

"நான் டீச்சர் பேசுறேன்" என்றேன். "போன வருசம் உங்க கடலையில விஷம் இல்ல. அவங்க மூட்டை கட்டுனதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் போனை வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்றார். "எங்க மாமியாவுக்குக் காது மந்தம்."